நான் அடைத்த வேலிப் பொட்டு

சிவமயம்

அன்புள்ள மகன் தம்பிக்கு,

உன் ஐயாவின் வலது முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகமாக இருக்கிறது. அந்த முழங்கால் நோவும் மாசிப் பனியோடு போய்விடும் என்று பரியாரியார் சொன்னார். இப்போது பங்குனி வெயில் கொளுத்துகிறது, அது போகிற வழியைக் காணோம். வேறு எதையும் எழுத முன்னர் பிள்ளைகளின் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், அதைச் சொல்லாமல் எனக்குப் பேனை ஓடாது. பெரியக்காவின் மூத்தவன் சீனியர் சோதனை பாஸ் பண்ணிவிட்டான். இங்கிலீசில் அவனுக்கு மேலே அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒருவனும் இல்லையென்று தலைமை வாத்தியாரே வீடு தேடி வந்து ஐயாவிடம் சொல்லி, தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போனார். அவன் தங்கை நவராத்திரிக்குக் கோயிலில் தேவாரம் பாடி வெள்ளிக் கிண்ணம் வாங்கினாள். இன்னொரு முறை பாடு பிள்ளை என்று குருக்கள் கேட்டுப் பாடுவித்தார். சின்னக்காவின் குஞ்சன் பல்லு முளைக்க முன்னமே "சிவா" என்றான். அது "தா" என்றுதான் கேட்டது என்கிறார் ஐயா. அவருக்கு இப்போது காதும் மட்டு. உன் தம்பியைக் கொழும்புக் கந்தோர் உத்தியோகத்தில் நிரந்தரமாக்கிவிட்டார்கள். உன்னுடைய பெரியவன் கோலாலம்பூரில் வகுப்பில் முதலாம் பிள்ளை. உன் சின்னவள் அந்தச் சீமையில் இருந்துகொண்டு தன் கையால் தமிழில் "அப்பாச்சி" என்று எழுதி அனுப்பியிருக்கிறாள், அதில் ஒரு பிழை கிடையாது. பெண்பிள்ளைக்கு இது காணும் என்று ஐந்தாம் வகுப்போடு மறிக்கப்பட்டவள் நான். இவ்வளவும் என் வயிற்றிலிருந்து போனவை என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது. நிமிரட்டுமே.

ஆனால் இதையெல்லாம் நான் வெள்ளிக்கிழமை கோயில் வீதியில் நின்று சொல்லி முடிக்கும் முன்னம் உன் மாமி வந்து பக்கத்தில் நிற்பாள். என் அண்ணருக்குப் பெண்சாதி, எனக்கு மச்சாள், உனக்குப் பெண் கொடுத்தவள், வேலிக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிறவள். இத்தனை உரித்தையும் ஒருத்தியே வைத்துக்கொண்டால் மற்றவளுக்கு என்ன மிஞ்சும், சொல்லு. நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "ஓம், படத்திலையும் பெரியவன்ரை முகத்திலை அந்தக் கெட்டித்தனம் தெரியுது" என்று மெல்லச் சொல்வாள். அவ்வளவுதான். எல்லாப் பெண்களும் என்னை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பி, என்ன படம், எப்போ வந்தது, எந்தச் சட்டை போட்டிருக்கினம் என்று கேட்கத் தொடங்கிவிடுவார்கள். போன வருஷம் நீங்கள் நாலுபேரும் அங்கே கடையில் போய் எடுத்த படம் அது. உன் மகேஸ் தன் தாய்க்கு ஒன்று அனுப்பினாள். தாய்க்கு மகள் அனுப்பினது பிழையில்லை. எனக்கு அனுப்புவதற்கு எனக்கும் ஒரு மகன் இருக்கிறான் என்பதுதான் என் கதை. அவள் அதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து, வாசலுக்கு நேரே மாட்டி வைத்திருக்கிறாள். முதல் நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். "நல்லாய்த்தான் இருக்கு" என்றேன்.

உனக்கு அந்தப் பொட்டு ஞாபகம் இருக்கும். எங்கள் வேலிக்கும் அவர்கள் வேலிக்கும் நடுவே, கறுத்தக்கொழும்பான் மாமரத்தடியில், ஒரு ஆள் குனிந்து போகக்கூடிய இடைவெளி. ஒழுங்கையால் சுற்றி, படலை திறந்து, நாய் குரைத்து, வா இரு என்று சொல்லி நடக்கிற போக்குவரவெல்லாம் பிறத்தியாருக்கு. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நெருப்புத் தணல் போனதும், கறி போனதும், சண்டை போனதும், சண்டை ஆறினதும் அந்தப் பொட்டால்தான். முதலில் என் அண்ணர் அந்தப் பொட்டால் போனார். கலியாணம் செய்து சீதன வீட்டுக்குப் போன ஆண்பிள்ளை, அப்படித்தானே எங்கள் ஊர் வழக்கம். நான் அழுதபோது, "என்னத்துக்கு அழுகிறாய், ஒரு பொட்டுத் தூரம்" என்றார் அம்மா. பிறகு நீ சின்னப் பிள்ளையாய் அதால் தவழத் தொடங்கினாய். ஒரு நாள் அங்கே சாப்பிட்டுவிட்டு வந்து, "மாமியின்ரை புட்டு எங்கடையைவிட நல்லம்" என்று சொன்னாய். அன்று தொடக்கம் நான் புட்டுக்குத் தேங்காய்ப்பூவை இரட்டிப்பாக்கினேன். நீ அதைக் கவனிக்கவேயில்லை. பிறகு உன் கலியாணம். மேளம் கொட்டி ஒழுங்கை முழுக்கச் சுற்றி உன்னை அந்தப் படலைக்குக் கொண்டுபோய் விட்டோம். சில நாள் போக ஒரு காலையில் நீ பொட்டால் குனிந்து வந்து, பல்லுத் தீட்ட வேப்பங்குச்சி முறித்தாய். எனக்கு எவ்வளவு சந்தோஷம். தேத்தண்ணி வைக்க அடுப்படிக்குத் திரும்பினேன். "வேண்டாமம்மா, மாமி தேடுவா" என்று சொல்லிவிட்டுக் குச்சியோடு போய்விட்டாய். அந்த மனிசி என்ரை அண்ணரையும் எடுத்து, என் பிள்ளையையும் எடுத்தவள். இது பொறாமை என்று ஐயா சொல்கிறார். ஓம், பொறாமைதான். அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு அவ்வளவு படிப்பில்லை.

தையில் உன் கடிதம் வந்தது. லீவு கிடைத்துவிட்டது, வைகாசியில் பிள்ளைகளோடு வருகிறோம் என்று எழுதியிருந்தாய். எங்கள் கறுத்தக்கொழும்பானைப்பற்றி நீ சொல்லிச் சொல்லி, அது உண்மையாகவே அவ்வளவு இனிப்போ என்று பெரியவன் கேட்கிறான் என்றும் எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தை நான் எத்தனை தரம் வாசித்தேன் என்று சொல்லமாட்டேன். நீங்கள் எங்கே தங்குவீர்கள் என்பது எனக்குத் தெரியும். அது மகேசின் வீடு, அங்கேதான் பெட்டி இறங்கும், அங்கேதான் பாய் விரியும். அதில் நான் வாய் வைக்கமாட்டேன். ஆனால் பகலிலே அந்தப் பிள்ளைகளின் கால் எந்த வளவில் ஓடும்? பெட்டி எங்கேயும் இருக்கட்டும், பிள்ளைகள் விளையாடுவது என் மரத்தடியில் இருக்கவேணும் என்று மனதுக்குள் பிடித்துக்கொண்டேன். இதை ஐயாவிடம் சொன்னேன். அவர் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நான் உம்மடை வீட்டுக்கு வந்தாப்போலை என்ரை ஆச்சியும் உப்பிடித்தான் குந்திக்கொண்டு யோசிச்சிருப்பா" என்றார். நாற்பது வருஷமாக அந்த மனிசனோடு இருக்கிறேன், அவரைப் பெற்ற ஆச்சி குந்தியிருந்து யோசித்திருப்பா என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

அதன் பிறகுதான் எழும்பிப் போய் என் வளவைப் பார்த்தேன். தினமும் அதில்தான் நடக்கிறேன், ஆனால் பார்த்தது அன்றைக்குத்தான். உன் தங்கையும் கலியாணம் செய்து போய், தம்பியும் கொழும்புக்குப் போய், ஐயாவின் காலும் விழுந்த பிறகு, நாங்கள் இரண்டுபேரும் அடுப்படிக்கும் கிணற்றடிக்கும் பொட்டடிக்கும் ஒரு ஒற்றையடிப் பாதை வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் காடாக விட்டுவிட்டோம். மாரி மழைக்கு எழும்பின புல்லு இடுப்பளவு நின்றது. போனால் சேலை முழுக்க நாயுருவி. மல்லிகைப் பந்தல் சரிந்து ஓணானுக்கு ஊஞ்சலாகிக் கிடந்தது. துலா முறிந்து, கையால் கயிறு இழுத்துத்தான் தண்ணீர் அள்ளினோம். வேலியின் ஓலைக் கிடுகெல்லாம் உக்கிக் கொட்டி, ஊர் மாடெல்லாம் வந்து படுத்தெழும்பின. அந்தக் கறுத்தக்கொழும்பான் மட்டும் கறுகறுவென்று நின்று, அந்தத் தையிலும் உச்சி தெரியாமல் பூத்திருந்தது. ஒருவரும் பார்க்காமலே இது மட்டும் எப்படித் தழைக்கிறது என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. நல்ல மண், நல்ல சாதி மரம் என்று பெருமைப்பட்டதோடு சரி. பொட்டால் எட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கம் சாணி தெளித்து, ஈர்க்கு விளக்குமாற்றால் கூட்டின கோடு மணலிலே அழியாமல் கிடந்தது. வாசலின் இரண்டு பக்கமும் குரோட்டன். நீ மலாயாவிலிருந்து பென்ஷனில் வந்த ஆளிடம் கொடுத்துவிட்ட குரோட்டன். சிவப்பும் மஞ்சளுமாய் நின்றது. எனக்குக் கொடுத்துவிடவில்லையோ என்று கேட்கிறேன் என்று நினைக்காதே. கொடுத்துவிட்டாய். என்னுடையதை மாடு தின்றுவிட்டது.

மாசி பிறந்ததும் கந்தனைக் கூப்பிட்டேன். நீ இருந்த காலத்தில் எங்களுக்கு வேலி அடைத்தவனின் மகன் அவன். அவன் புல்லைச் செருக்க, நான் பின்னாலே கூட்டி அள்ளி மூலையில் கொளுத்தினேன். ஐயா ஒரு பலகையைப் போட்டு இருந்துகொண்டு, எட்டின அளவுக்கு நாயுருவி பிடுங்கினார். பிறகு பலகையை நகர்த்தி அடுத்த அளவைப் பிடுங்கினார். கிணற்றை இறைத்துத் தூர் வாரினோம். சேற்றுக்குள்ளே இருந்து உன் பித்தளைச் செம்பு வந்தது, நீ விழுத்திவிட்டுக் களவு போயிற்று என்று சொன்ன அதே செம்பு. அதைப் புளி போட்டு மினுக்கி வைத்திருக்கிறேன், வந்து பார். புதுத் துலா போட்டோம். செம்பாட்டு மண்ணைக் கொத்தி ஆட்டெருவும் இலைகுழையும் புதைத்து, கத்தரியும் பயற்றையும் மிளகாயும் வைத்தேன். மல்லிகைக்குப் புதுப் பந்தல். முன்னுக்கு அடுக்குச் செவ்வரத்தை, பெரியக்கா வீட்டில் முறித்து வந்தது. ராசியில்லாத என் கை வைத்ததெல்லாம் பிழைத்தது தம்பி. வேலியில் நின்ற பூவரசங் கதியால் துளிர்த்தது, வேம்பு பூத்துக் கொட்டியது, விடியப்புறம் குயில் கத்துகிற சத்தத்தில் எனக்கு எழும்ப மனம் வந்தது. ஒவ்வொரு பாத்திக்கும் தண்ணீர் விடும்போது, இதை அவள் காணவேணும் என்று நினைத்து நினைத்துத்தான் விட்டேன். பிள்ளைகளுக்காக என்று ஊருக்குச் சொன்னேன். உனக்கு உள்ளதைச் சொல்கிறேன்.

கடைசியாக வேலி. நானே இருந்து கிடுகு பின்னினேன். ஆள் உயரத்துக்கு மேலே இரண்டு வரிசை கூட வை என்று கந்தனிடம் சொன்னேன். மாமரத்தடிக்கு வந்ததும் அவன் நின்றான்.

"அம்மா, பொட்டு விட வேணுமெல்லே?"

"வேண்டாம். அடை."

அவன் என்னைப் பார்த்துவிட்டு அடைத்தான். மாடு வராமல் வேலியடியில் மண்ணையும் உயர்த்தி அணைத்தான். அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் இவ்வளவு நீண்டிருக்காது. வேலிக்கு மேலே பார்த்தேன். மாமரத்தின் பெரிய கொப்பு அந்தப் பக்கம் போய் அவளுடைய முற்றத்துக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தது. கொப்பு நிறையப் பிஞ்சு. வருஷா வருஷம் அந்தக் கொப்புக் காய்தான் பெரிது. அதெல்லாம் அங்கேதான் விழும், அவள் ஒரு பெட்டியில் போட்டுப் பொட்டால் எங்களுக்குக் கொடுத்துவிடுவாள். என்னுடைய மரத்துப் பழத்தை எனக்கே வரிசை அனுப்புவதுபோல. பிள்ளைகள் வந்தால் எந்த முற்றத்தில் நின்று பழம் பொறுக்குவார்கள்?

"கந்தன், உந்தக் கொப்பைத் தறி."

"பிஞ்சோடை கிடக்கு அம்மா. பழம் புடுங்கினாப் பிறகு தறிப்பமே?"

"அந்தப் பக்கம் போனதெல்லாம் அந்தப் பக்கத்தாருக்குத்தான். தறி எண்டால் தறி."

ஐயா பலகையில் இருந்தபடி, "இஞ்சேரும், உமக்குக் கொப்பிலை கோவமோ, மச்சாளிலை கோவமோ, பெடியனிலை கோவமோ?" என்று கேட்டார். நான் கந்தனைப் பார்த்து மேலே கையைக் காட்டினேன். கொப்பு அந்தப் பக்கம் விழுந்த சத்தம் கேட்டது. அங்கேயிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. அவள் ஏதாவது ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

இப்போது என் வளவு எப்படி இருந்தது என்று கேள். கண்ணாடி. கூட்டின கோடு அவளுடையதைவிட நேராக இருந்தது. ஆனால் அதைப் பார்க்க ஒரு சீவனும் இல்லை. அவ்வளவு உயரத்துக்கு வேலியை நானே ஏற்றி வைத்துக்கொண்டு, யாருக்குக் காட்டுவதென்று நடுவில் நின்று முழிசினேன். அதுகூடப் பரவாயில்லை. மத்தியானம் சமையல் முடிந்து, ஐயா சரிந்து படுத்ததும், என் கால் தன்பாட்டில் மாமரத்தடிக்குப் போய் வேலியில் முட்டி நின்றது. அப்போதுதான் எனக்கு விளங்கியது. உங்கள் படம் வந்த நாள் தொடக்கம் தினமும் அந்த நேரத்தில் நான் பொட்டால் போய்க்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை கேட்டுப் போவேன், உப்புக் கேட்டுப் போவேன், எங்கள் வீட்டில் இருக்கிற உப்பையே கேட்டுப் போவேன். அவள் எடுத்துவர உள்ளே போகிற நேரம் நான் வாசலில் நின்று உங்களைப் பார்ப்பேன். சின்னவள் உன் விரலைப் பிடித்திருக்கிறாள், பெரியவன் மூச்சுப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அவளும் உப்பு எடுக்க வேண்டியதைவிட அதிக நேரம் உள்ளே நிற்பாள். அவளுக்கு அடைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, நான் என்னுடைய வழியைத்தான் அடைத்திருக்கிறேன்.

ஒரு கிழமைக்குள் மரம் பிஞ்சு கொட்டத் தொடங்கியது. எங்கள் பக்கம் மிஞ்சின கொப்புகளிலிருந்து, காலையில் கூட்டப் போனால் விளக்குமாற்றுக்கு முன்னால் உருண்டுவந்தன. நாவூறுதான் என்று பழைய சட்டிக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்து மரத்தில் கட்டினேன். யாருடைய கண் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. சட்டி கட்டின பிறகு இன்னும் கொட்டியது. இலை தொங்கிவிட்டது. ஐயா பலகையை இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போய், தடியால் மண்ணைக் கிளறினார். காய்ந்து பொருக்குவெடித்துக் கிடந்தது. பிறகு வேலியடியில், கந்தன் அணைத்த மண்ணைக் கிளறினார். அதற்குள்ளே, இத்தனை நாளும் சருகு மூடிக் கிடந்த ஒரு சின்ன வாய்க்கால், கல்லு வைத்து அழகாகக் கட்டின வாய்க்கால். அது எங்கள் கிணற்றடியிலிருந்து வரவில்லை. அந்தப் பக்கத்துக் கிணற்றடியிலிருந்து, அவளுடைய வாழைகளைத் தாண்டி, வேலிக்குக் கீழே நுழைந்து, எங்கள் மாமரத்து வேருக்கு வந்திருந்தது. நாங்கள் வளவைக் காடாக விட்ட இத்தனை கோடையும் அந்த மரம் அவள் குளித்த தண்ணியிலும் தோய்த்த தண்ணியிலும்தான் நின்றிருக்கிறது. எனக்கு நன்றி வந்தது என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். எனக்கு வந்தது எரிச்சல். என் மரத்துக்கு, எனக்குச் சொல்லாமல், அவள் தண்ணி விடுவதா? பிறகு உன் கடிதம் ஞாபகம் வந்தது. அது உண்மையாகவே அவ்வளவு இனிப்போ என்று கேட்ட பிள்ளை. எரிச்சலைப் பார்த்தால் மரம் செத்துப்போகும்.

ஒழுங்கையால் சுற்றிப் போனேன். பொட்டில்லையே. படலையைத் தட்டினேன், அவளுடைய நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது, இத்தனை வருஷம் என் கையால் சோறு தின்ற நாய். அவள் வெளியே வந்து, இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

"படலையாலை வாறியள். ஆரோ விருந்தாளியாக்கும் எண்டு நினைச்சன். இருங்கோ, பாய் எடுத்து விரிக்கிறன்."

"பகிடி விடாதை மச்சாள். மரம் சாகப் பாக்குது."

"தெரியும். வேலிக்கு மேலாலை உச்சி வாடுறது தெரியுது."

"தெரிஞ்சுகொண்டு ஏன் சொல்லேல்லை?"

"எதாலை வந்து சொல்ல?" என்றாள்.

முற்றத்தில் அந்தக் கொப்பு விழுந்த இடம் வெயில் அடித்துக் கிடந்தது. பிஞ்சையெல்லாம் அவள் பொறுக்கி, கழுவி, உப்புப் போட்டு ஒரு சாடியில் வைத்திருந்தாள். கொப்பைத் தறித்ததற்கு ஏதாவது சொல்லு என்று நானே கேட்டேன்.

"என்னத்தைச் சொல்ல? அந்தக் கொப்பிலைதான் நான் கொடி கட்டிச் சேலை காயப்போடுறனான். இப்ப வேப்பமரத்திலை கட்டிறன், காகம் எச்சம் போடுது. அதுதான் எனக்குள்ள கவலை."

"தண்ணி விட்டதை ஏன் ஒரு நாளும் சொல்லேல்லை?"

"சொன்னால் வேண்டாமெண்டிருப்பியள்."

அது உண்மை. வேண்டாமென்றுதான் சொல்லியிருப்பேன். அவள் உள்ளே திரும்பிப் போகப் பார்த்தாள், பிறகு நின்று, என்னைப் பார்க்காமல் வாசல் நிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "படம் எனக்கு வந்ததிலை உங்களுக்கு எரிச்சல். எனக்குத் தெரியாதே? உப்புக்கு வாறியள் எண்டு நான் நினைக்கிறனானோ? என்ரை பிள்ளை படத்தை அனுப்பிப்போட்டு, சுகம், நீங்களும் சுகமா எண்டு ரண்டு வரி எழுதுவாள். உங்கடை பெடியன் உங்களுக்குத் தாள் தாளாய் எழுதுறான். மாமரத்தைக் கேக்கிறான், கிணத்தைக் கேக்கிறான், கத்தரிக்காய்க் குழம்பைக் கேக்கிறான். நீங்கள் அதை மடியிலை வைச்சுக்கொண்டு கோயிலுக்கு வாறியள். எட்டாம் வகுப்புப் படிச்ச எனக்கு வாசிக்க ஒரு கடிதம் இல்லை. நான் எரியிறது உங்களுக்குத் தெரியுமோ?"

தம்பி, எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் இங்கிலீசில் கையெழுத்து வைக்கிறவள், சிவப்புக் குரோட்டன் வைத்திருக்கிறவள், அவள் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறாள். கேட்டதும் எனக்கு எவ்வளவு குளிர்ந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. முகத்தை மட்டும் துக்கமாக வைத்துக்கொண்டு, "பிள்ளையள் அப்பிடித்தான் மச்சாள்" என்றேன். அவள் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டாள். "சந்தோஷத்தை மறைக்கப் பாக்கிறியள், மூக்கு விரியுது" என்றாள். நானும் சிரித்தேன். பிறகு அவள் தன் பக்கத்திலும் நான் என் பக்கத்திலும் நின்று, கந்தனுக்குச் சொல்லி அனுப்பாமல், நாங்களே கிடுகைப் பிரித்தோம். மண்ணை இழுத்து வாய்க்காலைத் திறந்தோம். அன்றைக்கு அவள் இரண்டு தரம் குளித்தாள், மரத்துக்காக என்று சொன்னாள். வெயிலுக்காகவும் இருக்கலாம்.

மரம் பிழைத்துவிட்டது. கொட்டினது போக எங்கள் பக்கத்துக் கொப்பில் கொஞ்சக் காய் நிற்கிறது. தினமும் மத்தியானம் இரண்டுபேரும் கீழே நின்று, கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்க்கிறோம். அதில் ஒன்றையும் வைகாசிக்கு முன்னர் கைவைக்க விடமாட்டேன். போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறபோது உன் கடிதத்தை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்க இல்லை. கத்தரிக்காய்க் குழம்பு வரைக்கும். மிச்சம் எனக்கு.

உனக்குப் புத்தி சொல்ல நான் ஆள் இல்லை. ஆனால் இரண்டு சங்கதி சொல்லலாம். பொறாமை வந்தால் வரட்டும், அது வந்து எனக்கு ஒரு வளவு திருந்தியது. துலா வந்தது, கத்தரி காய்த்தது. ஆனால் அது வந்திருக்கிற நாளில் கத்தி எடுக்கிற வேலைக்கு மட்டும் ஆள் கூப்பிடாதே. மண்வெட்டியால் செய்த பிழையை இழுத்து மூடலாம். அந்தக் கொப்பு இனி எங்கள் காலத்தில் அப்படி வராது. மற்றது, உன் சின்னவளுக்கும் ஒரு நாள் மாப்பிள்ளை வருவான், அவனுக்கும் ஒரு தாய் எங்கேயோ வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பாள். நீங்கள் படம் எடுக்கிற நேரமெல்லாம் அந்தத் தாயை நினைத்துக்கொள்ளுங்கள் என்று மகேசுக்குச் சொல்லு. ஐயாவின் ஆச்சிக்கு நான் ஒரு நாளும் ஒன்றும் அனுப்பவில்லை. அந்தக் காலத்தில் படமும் இல்லை, எனக்கு நினைப்பும் இல்லை.

வந்தால் பெட்டியை மகேஸ் வீட்டிலே இறக்குங்கள். பொட்டு திறந்திருக்கிறது, நீ குனியவேணும், தலையை இடித்துக்கொள்ளாதே. ஆனால் நீங்கள் வருவதற்கு முன்னர் ஒரு காரியம் ஆகவேணும். எங்கள் வாசலுக்கு நேரே சுவரில் ஆணி அடித்துவிட்டேன். படம் இல்லாமல் ஆணி என்னத்துக்கு என்று ஐயா கேட்கிறார். பிள்ளைகள் முதல்முதல் என் வீட்டுக்குள் காலடி வைக்கும்போது, சுவரில் தங்களையே காணவேணும். அந்த வீட்டில் மட்டும்தான் தாங்கள் இருக்கிறோம் என்று நினைக்கக்கூடாது. ஆனபடியால் புதிதாக ஒரு படம் எடுத்து அனுப்பு. பழையதின் பிரதி வேண்டாம், அது அவளிடம் இருக்கிறது. சின்னவளுக்கு முன்பல்லு விழுந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அவளை வாயைத் திறந்து சிரிக்கச் சொல்லு. அது மாமியின் படத்தில் இல்லை. இந்தக் கடிதம் கண்டதும் எடுத்து, அடுத்த கப்பலிலே போடு. மேலே என் பெயரைப் பெரிதாக எழுது. தபால்காரன் ஒழுங்கையால் வரும்போது முதலில் அவளுடைய படலை, பிறகுதான் எங்களுடையது. அவள் படலையில் நிற்கட்டும், அவன் தாண்டி வரட்டும்.

உன் அன்புள்ள அம்மா